பிள்ளையைப் பறிகொடுத்தவர் பாடிய பாட்டு

வயது முதிர்ந்தவர் ஒருவர் இறைவனடி சேர்ந்தால், வீட்டிலுள்ளோருக்குச் செய்வதற்கு எத்தனையோ காரியங்கள் இருக்கின்றன. நீர்மாலை எடுக்க வேண்டும், நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகளை அழைக்க வேண்டும், பாலூற்ற வேண்டும், பதினாறாம் நாள் விசேஷத்திற்கு உற்றாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். பிறகு மாசிகம், ஆண்டுத் திதி, மகாளய அமாவாசை என்று அடுத்தடுத்து வந்துகொண்டேயிருக்கும். கண்கள் அழுதுகொண்டிருக்க, கைகள் எள்ளையும் தண்ணீரையும் இறைத்துக்கொண்டிருக்கும். வேலை நடக்க நடக்க, அழுகையும் சிறிது சிறிதாக ஓர் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. நம் முன்னோர் வகுத்த சடங்குகள் இறந்தவரைக் கரையேற்றுவதோடு, இருப்பவரையும் கரை சேர்க்கின்றன.

ஆனால் சின்னஞ்சிறு குழந்தை போய்விட்டால் நிலைமை வேறு. இரண்டு வயது நிறையாத குழந்தையை எரியூட்டுவதில்லை, புதைக்க வேண்டும் என்பது தர்ம சாஸ்திரம். அதற்கு நீர்க்கடன் இல்லை, பிண்டம் இல்லை, ஆண்டுதோறும் திதியும் இல்லை. பாவம் அறியாத அந்த உயிருக்குக் கரையேற்றும் கிரியைகள் தேவையில்லை என்று இதற்குப் பெரியோர் காரணம் சொல்வதுண்டு. குழந்தைக்குத் தேவையில்லைதான். பெற்றவளுக்கு? மறுநாளே வீடு கழுவி விடப்படுகிறது. வந்தவர்கள் கலைந்து போகிறார்கள். தொட்டில் கட்டிய உத்திரம் மட்டும் மேலே இருக்கிறது. செய்வதற்கு ஒரு காரியமும் இல்லாமல் அவளுடைய இரண்டு கைகளும் மடியில் கிடக்கின்றன. புத்திர சோகத்தின் கொடுமையில் பெரும்பகுதி அந்த வெறுங்கைகளில் இருக்கிறது.

சங்கரன்கோவிலை அடுத்த திருவேங்கடம் வட்டாரத்திலும், பொதுவாக நெல்லைச் சீமை முழுவதிலும், குடும்பங்கள் தாமாகவே இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. மணமாகாமல் மறைந்துபோன பெண்பிள்ளையைக் கன்னி தெய்வமாக வீட்டில் வைத்துக் கும்பிடும் வழக்கம் அது. பனையோலையில் முடைந்த ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். ஆண்டுக்கொரு முறை அந்தப் பிள்ளைக்கென்று பாவாடை சட்டையோ சிற்றாடையோ புதிதாக எடுத்து, வளையல், ரிப்பன், பொட்டு, கண்ணாடி ஆகியவற்றோடு படைத்து, பெட்டியில் வைத்து மூடுவார்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் புதுத்துணி. இந்த வழிபாடு எந்த ஆகமத்திலும் எழுதப்படவில்லை. ஆனால் பிள்ளைக்கு எந்த நிறம் பிடிக்கும், எத்தனை கெஜம் துணி வேண்டும், பாவாடைக்குச் சரிகைக் கரை வைக்கலாமா என்றெல்லாம் ஒரு தாய் மறுபடியும் யோசிக்கிறாள். ஓலைப் பெட்டி முடைவதும், துணி தைப்பதும், பூத்தொடுப்பதும் கலை என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. மனம் தாங்காத ஒன்றைக் கை கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்ளும் என்பதை மட்டும் அவள் அறிந்திருக்கிறாள்.

கை நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கும் அதே வட்டாரத்தில் ஒரு கதை உண்டு. திருவேங்கடத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கழுகுமலையில், மலைப்பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்த வெட்டுவான் கோயில் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் தொடங்கப்பட்ட ஒற்றைக்கல் கோயில். விமானத்தின் மேற்பகுதி அத்தனை அழகாக நிறைவு பெற்றிருக்கிறது. மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியை அங்கே காணலாம். கீழே வரவர வேலை முற்றுப்பெறாமல் நிற்கிறது. ஏன் நின்றது என்பதற்கு ஊரார் சொல்லும் கதை இது: தந்தையும் மகனும் போட்டியிட்டுச் சிற்பவேலை செய்தார்களாம். மகன் தன் வெற்றியைப் பெருமையாகச் சொல்லக் கேட்ட தந்தை, ஆத்திரத்தில் உளியால் அவனை அடித்துக் கொன்றுவிட்டாராம். அதன் பிறகு அந்தக் கோயிலில் யாரும் உளி பிடிக்கவில்லையாம்.

இது வரலாறு அன்று. மக்கள் வழங்கும் கதை. ஆயினும் முடியாத ஒரு கோயிலைப் பார்த்ததும், பிள்ளையை இழந்த ஒருவரின் கையல்லவா இப்படி நின்றிருக்க வேண்டும் என்று மக்களுக்குத் தோன்றியிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. பெற்ற துயரம் எத்தனை பெரிய வேலையையும் பாதியில் நிறுத்திவிடும் வல்லமை உடையது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அதே துயரம் ஒருவரை நிறுத்தாமல் பாடவும் வைத்தது. அந்த வரலாற்றுக்குக் குருவாயூருக்குச் செல்ல வேண்டும்.

நாராயணீயம் இயற்றிய மேல்பத்தூர் நாராயண பட்டத்திரியின் காலத்தில் வாழ்ந்தவர் பூந்தானம் நம்பூதிரி. இன்றைய மலப்புறம் மாவட்டத்தில் பெரிந்தல்மண்ணைக்கு அருகிலுள்ள கீழாற்றூரில் அவருடைய இல்லம் இருந்தது. நெடுங்காலம் அவருக்குப் பிள்ளைப்பேறு இல்லை. சந்தான கோபாலனைத் துதித்துத் துதித்து, குருவாயூரப்பன் அருளால் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. ஆறாம் மாதத்தில் சோறூட்டும் அன்னப்பிராசனத்திற்கு உற்றார் உறவினர் அனைவரும் வந்து இல்லம் நிறைந்திருந்தது. குழந்தையை ஓர் அறையில் உறங்க வைத்திருந்தார்கள். அது அங்கே இருப்பதை அறியாமல், வந்தவர்கள் தங்கள் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அந்த இடத்தில் போட்டுவிட்டார்கள். சடங்குக்கு நேரமாகிக் குழந்தையை எடுக்கப் போனபோது அது மூச்சடங்கிக் கிடந்தது. மரபு சொல்லும் செய்தி இது.

நினைத்துப் பார்க்கவே நடுக்கம் தரும் நிகழ்ச்சி. யாரைக் குற்றம் சொல்வது? வாழ்த்த வந்தவர்களின் கைகளே காரணமாகிவிட்டன. கொடுத்தவன் குருவாயூரப்பன், எடுத்தவனும் அவனேயென்றால், அவன் சந்நிதிக்கு இனி எந்த முகத்தோடு போவது? பக்தி உடையவர்களுக்குப் புத்திர சோகத்தில் ஏற்படும் இரண்டாவது காயம் இது. பிள்ளை போனது ஒரு துயரம். இத்தனை காலம் கும்பிட்ட கடவுளோடு பேச முடியாமல் போவது மற்றொரு துயரம். சங்கரன்கோவில் கோமதியம்மன் சந்நிதியில் மாவிளக்கேற்றி வேண்டிப் பெற்ற பிள்ளையை இழந்துவிட்டு, பின்பு ஆடித் தபசுக்கு ஊரே திரண்டு போகும்போது வாசற்படியைத் தாண்ட மனமில்லாமல் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது புரியும்.

பூந்தானம் அந்த வாசற்படியைத் தாண்டினார். எப்படித் தாண்டினார் என்பதற்குச் சான்றாக நிற்பது அவருடைய ‘ஞானப்பான’. பான என்பது மலையாளத்தில் எளிய மெட்டில் அமைந்த ஒரு பாட்டு வகை. புலவர்களெல்லாம் வடமொழியில் எழுதிப் பெருமை பெற்ற காலத்தில், வீட்டுப் பெண்களும் வேலைக்காரரும் விளக்கு வைத்த நேரத்தில் சேர்ந்து சொல்லக்கூடிய பேச்சுமொழியில் அவர் அதைப் பாடினார். உடலின் நிலையாமை, செல்வத்தின் நிலையாமை, மனிதர் கொள்ளும் வீண் செருக்கு, நாம ஜபத்தின் மேன்மை ஆகியவை அந்நூலின் பொருள். தம் வீட்டில் நடந்ததை அவர் அதில் கதையாகச் சொல்லவில்லை. உள்ளத்தில் கண்ணனாகிய குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும்போது வேறு குழந்தை வேண்டுமோ என்னும் கருத்து மட்டும் ஓரிடத்தில் வருகிறது. மற்றவர் எழுதினால் அது வெறும் உபதேசமாக இருக்கும். அவர் எழுதியதால், படிப்பவருக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

இதே பெரியவர் பெயரில் ‘சந்தான கோபாலம்’ என்றொரு பானவும் வழங்குகிறது. பாகவதத்தின் தசம ஸ்கந்தத்தில் வரும் கதை அது. துவாரகையில் ஓர் அந்தணருக்குப் பிறந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பிறந்த உடனே மறைகின்றன. காப்பாற்றுவேன் என்று சபதம் செய்த அர்ச்சுனன் தோற்றுத் தீப்பாயத் துணிகிறான். கண்ணன் அவனைத் தேரிலேற்றி வைகுண்டம்வரை அழைத்துச் சென்று, அத்தனை பிள்ளைகளையும் மீட்டு வந்து தந்தையிடம் கொடுக்கிறான். தம் பிள்ளை திரும்பி வராது என்பதை நன்கறிந்த ஒரு தந்தை, பிள்ளைகளெல்லாம் திரும்பி வந்த கதையை அடியடியாக அமைத்துப் பாடியிருக்கிறார். அப்படிப் பாடும்போது அவர் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! ஆயினும் பாடினார்.

பூந்தானம் தம் மலையாளப் பாட்டைப் பட்டத்திரியிடம் காட்டித் திருத்தித் தரும்படி வேண்டியதாகவும், பெரும்புலவரான அவர் அதனைப் பொருட்படுத்தாமல் விட்டதாகவும், பட்டத்திரியின் விபக்தியைவிடப் பூந்தானத்தின் பக்தியே தனக்கு உவப்பானது என்று குருவாயூரப்பன் உணர்த்தியதாகவும் ஒரு செய்தி உண்டு. பக்தியின் பெருமையைச் சொல்ல இதை எடுத்துக்காட்டுவார்கள். துயருற்றவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. மனம் உடைந்தவர் பாடும் பாட்டில் யாப்புப் பிழை பார்க்கலாகாது. இறைவனே பார்க்கவில்லை.

தமிழில் இதற்கு முன்பே வழிகாட்டியவர் ஒருவர் உண்டு. சேர நாட்டு மன்னராகவும் ஆழ்வாராகவும் விளங்கிய குலசேகரப் பெருமாள் அவர். அவருடைய பெருமாள் திருமொழி 105 பாசுரங்கள் கொண்டது. அதில் நான்காம் திருமொழி, திருவேங்கட மலையில் ஏதேனும் ஒன்றாய்க் கிடக்கும் பேறு வேண்டும் என்று ஏங்குவது. சங்கரன்கோவில் பக்கத்துத் திருவேங்கடத்தார் தம் ஊர்ப்பெயரைக் கேட்டு மகிழக்கூடிய பகுதி. ஏழாம் திருமொழியில் அவர் தேவகியாகிப் புலம்புகிறார். பெற்ற குழந்தையை அன்றிரவே பிரிந்த தாய் அவள். பாலூட்டவில்லை, தாலாட்டவில்லை, தளர்நடை காணவில்லை, வெண்ணெய் திருடி அகப்பட்டபோது அந்த முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் யசோதைக்குக் கிடைத்தன. இருந்ததை இழந்த துயரத்தோடு, காணாமலே போனவற்றை எண்ணும் துயரமும் உண்டு என்பதை ஆழ்வார் அறிந்திருக்கிறார். பிறந்த சில நாளிலேயே குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம், ‘அதிகம் பழகவில்லையே, சீக்கிரம் மறந்துவிடலாம்’ என்று சொல்பவர்கள் இந்தத் திருமொழியை ஒருமுறை ஓதிப் பார்க்க வேண்டும்.

ஒன்பதாம் திருமொழியில் ஆழ்வார் தசரதனாகிறார். காட்டுக்குச் சென்ற மகனை எண்ணி உயிர்விடும் தந்தையின் புலம்பல் அது. இந்த இரண்டு புலம்பல்களுக்கும் நடுவே எட்டாம் திருமொழியாக நிற்பது என்ன தெரியுமா? திருக்கண்ணபுரத்துப் பெருமானை இராமனாகப் பாவித்துக் கோசலை பாடும் தாலாட்டு. முன்னும் பின்னும் பிரிவின் அழுகை. இடையில் ஒரு தொட்டில். பெற்றோர் நெஞ்சும் அப்படித்தான் இருக்கிறது. அழுகைக்கு நடுவே சிரித்த முகம் நினைவுக்கு வருகிறது; தானாகவே உதடு ஒரு தாலாட்டை முணுமுணுக்கிறது; அடுத்த கணம் மீண்டும் அழுகை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. கவி ரவீந்திரநாத் தாகூர் 1902இல் மனைவியை இழந்தார். நோயுற்ற மகள் ரேணுகாவை அல்மோராவில் வைத்துப் பேணிக்கொண்டிருந்த நாட்களில், தாயில்லாப் பிள்ளைகளை மனத்தில் கொண்டு ‘சிசு’ என்னும் குழந்தைப் பாடல்களை எழுதினார். 1903இல் அந்த மகளும் மறைந்தாள். 1907 நவம்பரில், பதினொரு வயது நிறையாத இளைய மகன் சமீந்திரநாத், முங்கேருக்குச் சென்றிருந்தபோது காலராவில் இறந்தான். பல ஆண்டுகள் கழித்து, 1932இல் பேரன் ஒருவனையும் இழந்தபோது, மகளுக்கு எழுதிய கடிதத்தில் தாகூர் அந்தப் பழைய நாளை நினைவுகூர்ந்தார். சமி மறைந்த மறுநாள் இரவு ரயிலில் வந்துகொண்டிருந்தபோது, வானம் நிலவொளியில் நிறைந்திருந்ததையும், உலகில் எதுவும் குறைந்துவிட்டதாக அந்த ஒளியில் அடையாளமே இல்லாததையும் கண்டு, தாமும் தம் வேலையைத் தொடர வேண்டும் என்று உணர்ந்ததாக அதில் எழுதியிருக்கிறார். வங்காள கீதாஞ்சலி 1910இல் வெளிவந்தது. அதை ஆண்டவனை நோக்கிய பாடல்களாகப் படிக்கிறோம். அப்படிப் படிப்பதும் சரியே. அதைப் பாடியவர் வீட்டில் எத்தனை இடங்கள் காலியாக இருந்தன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பாட்டுப் பாடினால் உடனே துயரம் தீர்ந்துவிடுமா? தீராது. ஜெர்மனி நாட்டுச் சிற்பி கேத்தே கோல்விட்ஸ் என்னும் அம்மையார், 1914 அக்டோபரில் பதினெட்டு வயது மகன் பீட்டரைப் போரில் இழந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அவனுக்கு நினைவுச் சிலை வடிக்க எண்ணினார். செய்தார், பிடிக்கவில்லை, 1919இல் கைவிட்டார். மீண்டும் தொடங்கினார். பெல்ஜியத்தில் மகன் கிடந்த கல்லறைத் தோட்டத்தில் சிலைகள் நிறுவப்பட்டபோது ஆண்டு 1932. பதினெட்டு ஆண்டுகள் வளர்த்த பிள்ளைக்குப் பதினெட்டு ஆண்டுகள் வேலை. மகனுடைய உருவத்தை அவர் வடிக்கவில்லை. தாயும் தந்தையும் தனித்தனிப் பீடத்தில் மண்டியிட்டிருக்கும் உருவங்களையே வடித்தார். அவர்கள் முகத்தில் தம் சாயலும் தம் கணவர் சாயலும் இருக்கச் செய்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆயினும் இருவரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். ஒரே பிள்ளையை இழந்த கணவனும் மனைவியும் ஒரே மாதிரி அழுவதில்லை. ஒருவர் பேசிப் பேசி ஆற்றுவார். மற்றவர் வாய் திறவாமல் தோட்டத்தைக் கொத்திக்கொண்டிருப்பார். ‘உங்களுக்குத் துக்கமே இல்லையா’ என்று மற்றவரைக் கேட்டுவிடுவது எளிது. அந்தச் சிலைகளை எண்ணிக்கொண்டால் அக்கேள்வி எழாது.

பேரக்குழந்தையை இழந்த தாத்தா பாட்டிமாரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. போன குழந்தைக்காகவும் அழ வேண்டும்; உடைந்து கிடக்கும் தம் மகனையோ மகளையோ பார்த்தும் அழ வேண்டும். அதோடு, ‘இத்தனை வயதான நான் இருக்கும்போது அது போயிற்றே’ என்னும் எண்ணம் இரவெல்லாம் அரிக்கும். அவர்களை யாரும் துக்கம் விசாரிப்பதுகூட இல்லை.

இத்தகையோர் என்ன செய்யலாம்? நூல் எழுத வேண்டியதில்லை. சிலை வடிக்க வேண்டியதில்லை. இதுவரை கை பழகிய ஏதேனும் ஒன்றை அந்தக் குழந்தையின் பெயரால் தொடங்கினால் போதும். கோலம் போடுபவர் வெள்ளிக்கிழமைதோறும் குழந்தைக்குப் பிடித்த ஒன்றைக் கோலத்தில் இழைக்கலாம். மாலை தொடுக்கத் தெரிந்தவர் பிறந்த நட்சத்திரத்தன்று கோயிலுக்குத் தம் கையால் தொடுத்துக் கொடுக்கலாம். தையல் தெரிந்தவர் ஆண்டுக்கொரு பாவாடை தைத்து, அந்த வயதுள்ள ஏழைப் பெண்பிள்ளைக்கு உடுத்திப் பார்க்கலாம். எழுதத் தெரிந்தவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குழந்தை சொன்ன மழலைச் சொற்களை மறப்பதற்குள் எழுதி வைக்கலாம். நவராத்திரிக் கொலுவில் அதன் விளையாட்டுச் சாமானுக்கு ஒரு படி ஒதுக்கலாம். ஒப்பாரி பாடத் தெரிந்த கரிசல்காட்டுப் பெண்கள் பிணத்தின் முன் நின்று உடனுக்குடன் சொல் கட்டிப் பாடுவதைக் கேட்டிருப்பவர்களுக்குத் தெரியும்: துக்கத்திற்குச் சொல் கிடைத்தவுடன் மூச்சு சற்றுச் சீராகிறது. பஜனை மண்டலியில் பத்துப் பேரோடு சேர்ந்து நாமம் சொல்லும்போது நம் குரல் உடைந்தாலும் மற்ற ஒன்பது குரல்கள் பாட்டைத் தாங்கிக்கொள்ளும்.

அக்கம்பக்கத்தாரும் உறவினரும் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். கண்ணனே பிள்ளை என்று பூந்தானம் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அதையே மற்றவர் வந்து சொல்லியிருந்தால் அது ஆறுதலாக இருந்திருக்காது. ‘பூர்வ ஜன்ம பலன்’, ‘கடனைத் தீர்த்துவிட்டுப் போய்விட்டது’, ‘இன்னொன்று பிறக்கும்’ என்பவை சாஸ்திரம் படித்தவர் வாயிலிருந்து வந்தாலும் சுடும். தத்துவம், துயருற்றவர் தாமே நடந்து போய்ச் சேர வேண்டிய இடம். பிறர் பிடித்துத் தள்ளக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையின் பெயரைச் சொல்லி, அது எப்படிச் சிரிக்கும் என்று கேட்டால் போதும். அவர்கள் பூத்தொடுத்துக்கொண்டிருந்தால் கூடவே நாலு பூ எடுத்துக் கொடுத்தால் போதும். பல மாதங்களாக உணவும் உறக்கமும் இல்லாமல், உயிர்மேல் வெறுப்பாகப் பேசுபவராக இருந்தால், தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அதுவும் இறைவன் காட்டும் வழியே.

ஆண்டுதோறும் மாசி மாதத்து அசுவினி நாளைக் குருவாயூரில் பூந்தான தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஞானப்பானவைப் பாராயணம் செய்கிறார்கள். ஆறு மாதமே உயிரோடிருந்த ஒரு குழந்தை. அதற்குத் திதி இல்லை, பிண்டம் இல்லை. ஆனால் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக, விளக்கு வைத்த நேரத்தில் அதன் தந்தை பாடிய பாட்டு எத்தனையோ வீடுகளில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்து வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பவர்கள் கையிலும் குருவாயூரப்பன் ஒரு பூவையோ, ஊசியையோ, எழுதுகோலையோ கொண்டுவந்து வைக்கட்டும்.